அறுபத்தைந்து சென்டிமீட்டர்

செருப்பைக் கழற்ற வேண்டாம் மேடம், இப்படியே நேராகக் கிணற்றுப் பக்கம் போய்விடலாம். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள். லேப்டாப் பையோடு யாராவது பஸ்ஸிலிருந்து இறங்கினால் எங்கள் ஊர் பேக்கரிக்காரர் பெயர்கூடக் கேட்க மாட்டார், என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார். தண்ணீர் ஓடிப்போன கிணற்றைப் பார்க்க வந்த ஆள் என்று அவருக்குத் தெரியும். உங்களோடு பதினோரு பேர் ஆயிற்று. போன தை மாதம் ஒரு ஜப்பான்காரர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்துக் கும்பிட்டார் மேடம், கோயிலைப் பார்த்த மாதிரி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மோர் குடியுங்கள். உப்புப் போதுமா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் போட்டோ எடுங்கள். என் வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்புவாரா மாட்டாரா என்பது உங்களை மாதிரி படித்தவர்கள் எழுதுவதில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

அவர் பெயர் நவநீதன். ரிக் வண்டியில் இருக்கிறார், போர்வெல் போடுகிற வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கம் அந்த வேலைக்குப் போகாத வீடு ஏது? இப்போது மத்தியப் பிரதேசத்தில். யார் யார் நிலத்திலோ அறுநூறு அடி, எழுநூறு அடி ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். சொந்த நிலத்தில் ஒரு ஓட்டை போட அவருக்கு அனுமதி இல்லை. அதோ அந்த வேலி வரைக்கும் எங்கள் காடுதான். ஒரு போர் இருந்தால் மஞ்சளும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு வீட்டோடு இருப்பார். மனு கொடுத்தோம். இல்லை என்று வந்தது. ஏன்? எங்கள் ஊர்ப் பாறை அடியில் விரிசல் விட்டுவிட்டதாம், தண்ணீர் நிற்காதாம், ஊரையே சிவப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்களாம். யார் சொன்னது? ஞானசிகாமணி சார் எழுதினார். அவருக்கு யார் சொன்னது?

நான்தான் மேடம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஞானசிகாமணி சாரை நீங்கள் நேரில் பார்த்ததில்லையா? நல்ல மனிதர். சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நிலத்தடி நீர் விஞ்ஞானி. எட்டு வருடத்துக்கு முன்னால் ஜீப்பில் வந்து, இந்த ஊரில் ஆறு கிணற்றைப் பொறுக்கி எடுத்து, வாரா வாரம் தண்ணீர் மட்டம் அளக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுச் சும்மா இருந்தது நான் ஒருத்திதான். கல்யாணமாகி மூன்று மாதம். எழுத்து குண்டு குண்டாக இருந்ததால் அவருக்குப் பிடித்துவிட்டது.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. டேப்பின் முனையில் ஒரு இரும்புக் குண்டு. கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்க வேண்டும். நனைந்த இடம் வரை கருத்துவிடும். மேலே பிடித்த எண்ணிலிருந்து நனைந்த எண்ணைக் கழித்தால் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். உங்களுக்கு நான் சொல்லித் தருகிறேன் பாருங்கள். திங்கட்கிழமை, காலை ஆறரைக்கு, யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால். மேலே எங்கே பிடிப்பது என்று சார் ஆறு கிணற்றிலும் சுவரின் மேல் விளிம்பில் பச்சைப் பெயிண்டில் கோடு போட்டுக் கொடுத்தார். "கோகிலா, இந்தக் கோடுதான் நமக்கு எல்லாம். கோட்டை விட்டு விரல் அளவு நகரக் கூடாது." நகரவில்லை மேடம். ஒரு திங்கட்கிழமை நகரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் இங்கேதான் சாப்பாடு. என் மகள் தன்ஷிகா பிறந்த பிறகு அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். சாப்பிட்டுவிட்டு அவருடைய கதையைச் சொல்வார். இவர் எழுதினதை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக் காட்டினால் அது ஒரு மேற்கோளாம். எத்தனை மேற்கோள் என்பதில்தான் உங்கள் உலகத்தில் மரியாதையாம். முப்பது வருடம், இருபத்தாறு கட்டுரை, மொத்தம் தொண்ணூற்றொரு மேற்கோள். "அதுலயும் இருபது நானே என்னை எடுத்துக் காட்டினதும்மா" என்று சொல்லிச் சிரிப்பார். கூடப் படித்த ஒருத்தர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். அடுத்த தடவை வரும்போது தொண்ணூற்று மூன்று என்பார். நான், பரவாயில்லையே சார், ஏறுது பாருங்க என்பேன். என் நாத்தனார் எடை பார்க்கிற மாதிரி.

இப்போது கேளுங்கள். தன்ஷிகாவுக்கு எட்டு மாதம். பக்கத்து ஊரில் ரோட்டோரக் கிணற்றில் ஒரு ஆம்னி வண்டி விழுந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, வண்டிதான் போயிற்று. அதோடு எல்லாப் பஞ்சாயத்திலும் கிணற்றுச் சுவரை உயர்த்தச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு ஆறுச்சாமி கொத்தனார் வந்தார். ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ஆறு கிணற்றையும் ஒரே வாரத்தில் முடித்தார். ஹாலோ பிளாக் கல்லில் மூன்று வரி, மேலே பூச்சு. நல்ல வேலைக்காரர், நூல் பிடித்த மாதிரி இருக்கும். பூசும்போது சார் போட்ட பச்சைக் கோட்டையும் சேர்த்துப் பூசிவிட்டார்.

வேறு யாராவது இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கோடு போய்விட்டது என்று சும்மா இருந்திருப்பார்கள். நான் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறிப் போய், அதே பச்சையில் பெயிண்ட் டப்பா வாங்கி வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறு கிணற்றிலும் புதுச் சுவரின் மேல் விளிம்பில் அதே மாதிரி கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து. யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். அடுத்த திங்கட்கிழமை அந்தக் கோட்டில் பிடித்து அளந்தேன்.

உங்கள் முகம் மாறுகிறது. சட்டென்று புரிந்துகொண்டீர்கள். அந்தச் சாருக்கு மூன்றரை வருடம் ஆயிற்று.

ஏழு மீட்டர் இருபது இருந்தது, ஏழு மீட்டர் எண்பத்தைந்து ஆயிற்று. தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருந்தது. சுவர்தான் ஏறியது. அறுபத்தைந்து சென்டிமீட்டர். ஆறு கிணற்றிலும் அறுபத்தைந்து.

எழுதவில்லையா என்கிறீர்களா? எழுதாமல் இருப்பேனா? இதோ என் நோட்டு. பாருங்கள், கடைசிக் கட்டம், குறிப்பு என்று இருக்கிறதல்லவா. அக்டோபர் இருபத்தெட்டு. "பாப்பாவுக்கு மேல் பல் தெரிகிறது. மூன்றாம் கிணற்றில் ஆமை. சுவர் ஏற்றினார்கள், கோடு புதிதாகப் போட்டேன். அத்தை பவானிக்குப் போனார்." இருக்கிறதா இல்லையா? கொட்டை எழுத்தில் இருக்கிறது. சாரிடம் படித்த ஒரு பெண்தான் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எண்ணை மட்டும் ஏற்றினாளாம், குறிப்பில் எப்போதும் பல்லும் ஆமையும்தான் இருக்கும் என்று அதை விட்டுவிட்டாளாம். படித்த பிள்ளை, ஒரு வரி படிக்கச் சோம்பல். பின்னாடி என்னிடமே போனில் சொல்கிறாள், "நீங்கதான அக்கா கோட்டை மாத்துனீங்க?" என்று. கோடு இல்லாமல் நான் எங்கே பிடிப்பது? தப்பு என்மேல் இல்லை மேடம். சார் சொன்னதைச் செய்தேன், சொல்லாததையும் செய்தேன்.

அதுவும் இல்லாமல், சார் அந்தச் சுவரைப் பார்த்தார். மார்கழியில் வந்தபோது புதுச் சுவரில் டீ டம்ளரை வைத்துவிட்டு, "சுவர் நல்லா இருக்கே" என்று தட்டிப் பார்த்தார். இருக்குதுங்க சார் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் கட்டுரை வந்தது. பதினெட்டுப் பக்கம். நீங்கள் படித்ததுதானே அது. மழை பெய்கிற மாதத்தில், ஆறு கிணற்றிலும், ஒரே சமயத்தில், ஒரே அளவு தண்ணீர் இறங்கிவிட்டது. உலகத்தில் எங்கேயும் நடக்காத அதிசயம். ஒரே அளவு இறங்கியதால் அடியில் பாறை முழுக்க விரிசல் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கிறது என்று சார் முடிவு கட்டினார். ஒரே கொத்தனார் கட்டினால் ஒரே அளவாகத்தான் மேடம் இருக்கும்.

முதலில் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பேப்பரில் ஊர்ப் பெயர் வந்தது. அப்புறம் சிவப்புப் பட்டியல் வந்தது. புது மோட்டாருக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கொடுப்பது நின்றது. மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், வெடிச்ச ஊருங்களா இது என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். எங்கள் மனு திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு ரிக் வண்டி ஏறினார். தன்ஷிகாவுக்கு அப்போது மூன்று வயது. சாரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. பாறை விரிசல் விட்டால் அவர் என்ன செய்வார் என்றுதான் நினைத்தேன். நானே நம்பினேன் மேடம். அளந்தவளே நம்பினேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பங்குனி மாதம். சார் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு. லட்டு வாங்கி வந்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு என்றார். அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும். அவரோடு படித்தவரே போன் செய்து வாழ்த்தினாராம், டெல்லியில் ஏதோ விருதாம். போனை எடுத்து, கட்டுரையில் தண்ணீர் மட்டத்தை வரைந்திருந்த படத்தைக் காட்டினார். கிணற்றுக்கு ஒன்றாக ஆறு கோடு, ஆறும் சமமாக வந்து, ஒரு இடத்தில் படிக்கட்டு மாதிரி தொப்பென்று இறங்கியது. அந்தப் படத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

"சார், இது எந்த மாசமுங்க?" என்றேன்.

"அக்டோபர் கடைசி."

"அது நம்ம சுவரு ஏத்துன மாசமுங்க சார்."

"எந்தச் சுவர்?"

"இப்ப நீங்க சாஞ்சுட்டு நிக்கறீங்களே, இதுதானுங்க."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அப்புறம் படத்தைப் பார்த்தார். சாய்ந்திருந்தவர் சுவரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார், சுட்டுவிட்ட மாதிரி. டேப்பை எடுத்து மேல் விளிம்பிலிருந்து கீழே பூச்சு மாறுகிற இடம் வரை அளந்தார். அளந்துவிட்டு மறுபடியும் அளந்தார். டிரைவரிடம் ஸ்பானர் வாங்கி, தானே தட்டிப் பூச்சைப் பெயர்த்தார். அறுபது வயதாகப் போகிற மனிதர், மூச்சு வாங்குகிறது, கொடுங்க சார் நான் தட்டறேன் என்கிறேன், கொடுக்க மாட்டேன் என்கிறார். உள்ளங்கை அளவு பெயர்ந்ததும் பச்சை தெரிந்தது. அவர் போட்ட கோடு. எனக்கு ஒரே சந்தோஷம் மேடம். பாறை விரிசல் இல்லை! எங்கள் மனு! நான் தன்ஷிகாவைக் கூப்பிட்டு, உங்க அப்பா வந்துருவாரு சாமி என்றேன்.

சார் கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்காவது தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமுங்க சார், சுவர் கட்டுனது."

ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கதவு திறந்திருக்கிறது, ஒரு கால் வெளியே. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. லட்டைக்கூட இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது வருஷத்துல எல்லாரும் எடுத்துக் காட்டினது இது ஒண்ணைத்தான்மா" என்றார்.

"அதனாலென்னங்க சார், சரியானதை எழுதுங்க. அதையும் எடுத்துக் காட்டுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் போகும்போது நிலாவும் டிக்கெட் எடுத்துச்சா என்று தன்ஷிகா கேட்டால் நான் அவளை ஒரு மாதிரி பார்ப்பேன், அந்த மாதிரி. "எழுதறேன்மா" என்றார். போய்விட்டார்.

எழுத ஏழு மாதம் ஆனது மேடம். ஏழு மாதம். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் செய்வேன், எத்தனையோ வருடம் திங்கட்கிழமை அளந்த பழக்கம். சார், எழுதிட்டீங்களா? எழுதறேன்மா. சார், எங்க வீட்டுக்காரர் கேக்கறாருங்க. எழுதறேன்மா. ஒரு தடவை அவருடைய வீட்டம்மா எடுத்து, அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, நீ இனிமேல் போன் செய்யாதே என்று சொல்லிவிட்டார். சர்க்கரை இருக்கிறவருக்குத் தூக்கம் வராதுதான். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுங்கம்மா என்றேன். போனை வைத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போன் செய்தேன்.

ஆனால் எழுதினார். அதைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத் திருத்தம். எங்கள் அளவில் தவறு நேர்ந்துவிட்டது, தண்ணீர் இறங்கவில்லை, விரிசல் என்ற முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. கடைசி வரியில் என் பெயர், இதைச் சுட்டிக்காட்டியவர் கோகிலவாணி நவநீதன் என்று. எனக்குத் தபாலில் இரண்டு பிரதி அனுப்பினார். அந்த விருது அவருக்கு வரவில்லையாம், வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் விஷயம் நமக்கென்ன தெரியும். அதற்கப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. ரிட்டயர் ஆகிவிட்டார். வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதில் வருத்தம்தான். உண்மையைச் சொன்னதற்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

திருத்தத்தை லேமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு, பட்டியல் போடுகிற நிலத்தடி நீர் ஆபீசுக்குப் போனேன். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. ஆறாவது தடவைதான் ஆபீசர் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இது ஒரு பக்கம்தானம்மா. அது பதினெட்டுப் பக்கம்" என்றார். உண்மை ஒரு பக்கம்தானுங்க சார் வரும் என்றேன். அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினவர்கள் ஐந்நூற்று அறுபது. திருத்தத்தை எடுத்துக் காட்டினவர்கள் மூன்று. அந்த மூன்றில் ஒன்று சாரே.

தப்பென்று எழுதின பிறகும் நூறு பேர் மேடம்! அதுவரை நானூற்று அறுபது பேர் தெரியாமல் சொன்னார்கள், சரி. அப்புறம் வந்த நூறு பேர்? ஐந்நூற்று அறுபது பேரில் கிணற்றுக்குள் கயிறு விட்டவர் ஒருத்தர் உண்டா? இங்கே வந்த பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லோரிடமும் சொன்னேன். ஜப்பான்காரரிடம் சைகையில் சொன்னேன். தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட டேப்பைக் கையில் வாங்கவில்லை. விரிசலைப் பார்க்க வந்தவர்களுக்குச் சுவர் கண்ணில் படவில்லை.

ஆபீசர் கடைசியாக ஒன்று சொன்னார். வரும் ஆனியில் பட்டியலைத் திருத்துகிறார்களாம். அதற்குள் வெளியாள் ஒருத்தர், படித்தவர், புதிதாக அளந்து எழுதிக் கொடுத்தால் ஊரைச் சிவப்பிலிருந்து எடுக்க வழி இருக்கிறது என்றார். நான் அளந்தால் செல்லாதாம். எட்டு வருடம் நான் அளந்தது எல்லோருக்கும் செல்லுபடியானது. ஐந்நூற்று அறுபது பேருக்குச் செல்லுபடியானது. இப்போது செல்லாது.

என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். சிரிக்கிறார். "ஏம் புள்ள, ஒரு பச்சைக் கோட்டப் போட்டு என்னைய மத்தியப் பிரதேசம் வரைக்கும் தொரத்திட்டியே" என்கிறார். விளையாட்டுக்குத்தான். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு நாள் அவர் போனை நான் எடுக்கவில்லை.

வாருங்கள், இதுதான் முதல் கிணறு. இன்றைக்கு யாரும் மோட்டார் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேமராவை உள்ளே வையுங்கள். இந்தாருங்கள் டேப். கனமாக இருக்கும், குண்டு கையில் இடித்துவிடாமல். சாக்பீஸ் இதோ. தேய்த்துவிட்டேன். இந்த மேல் கோட்டில் பிடிக்காதீர்கள். குனியுங்கள், சார் பெயர்த்த இடம், பச்சை தெரிகிறதா? அந்தக் கோட்டில் பிடியுங்கள். இறக்குங்கள். மெதுவாக. நான் தொடவே மாட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன் பாருங்கள். போதும், இழுங்கள். நனைந்த எண் என்ன? கழியுங்கள்.

ஏழு மீட்டர் பதினெட்டு. சத்தமாகவே சொல்லுங்கள், யாரும் இல்லை. மாசிக்கு மாசி அதே அளவுதான். நீங்களே அளந்தீர்கள், நீங்களே சொன்னீர்கள்.

இன்னும் ஐந்து கிணறு இருக்கிறது. நான்கு மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்கு ஒன்று உண்டு.

ஏன் மேடம் உட்கார்ந்துவிட்டீர்கள்? வெயிலா? போனில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது எனக்கு. உங்கள் பட்டத்துக்கு எழுதுகிற ஆராய்ச்சியில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க இந்த விரிசல் பற்றித்தான், அடுத்த மாதம் கொடுத்தாக வேண்டும் என்றீர்கள். நான் மறக்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத வேண்டுமே. சாருக்கு ஏழு மாதம் ஆனது. ஆனிக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் போன் செய்வார். உங்களுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று அவரிடம் சொல்லட்டும்?